உள்பக்கம் திறக்கும் கேட்

மண்டபத்தை விட்டு வந்து ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகுதான் சட்டைப் பையில் அந்தக் கீல் ஆணி இருப்பது தெரிந்தது. விரல் பருமன், அரைச் சாண் நீளம். நெஞ்சில் குத்திக்கொண்டே வந்திருக்கிறது. எடுத்து வேலிக்குள் எறியக் கையை ஓங்கினேன். மனசு வரவில்லை. திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நானே வெட்டி, நானே அரத்தால் ராவி எடுத்த ஆணி.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மண்டபம் நாகமலை புதுக்கோட்டையில். நான் போய்க்கொண்டிருந்தது திருப்பரங்குன்றம் ஸ்டேஷனுக்கு. தோளில் ஒரு பை, பைக்குள் வெல்டிங் கண்ணாடி, சுத்தியல், இரண்டு சட்டை. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் நடந்தேன். ஓர் ஊரில் வேலை கெட்டுப்போனால் ஸ்டேஷனுக்கு நடப்பது என் பழக்கம். முதலில் எந்தப் பக்கம் போகிற ரயில் வருகிறதோ அந்தப் பக்கம் அடுத்த ஊர்.

பின்னால் விட்டுவந்தது இதுதான். நான் செய்த இரும்புக் கேட்டில் ஓர் அக்காவின் வலது கை மாட்டிக்கொண்டது. அந்த மண்டபத்தில் பந்திக்குப் பந்தி எச்சில் இலை எடுக்கிற அக்கா. ஆட்டோவில் ஏற்றியபோது கையில் சுற்றிய துண்டைத்தான் பார்த்தேன், விரல்களைப் பார்க்கவில்லை. விரல் இருக்குமா போகுமா என்று தெரியாது. கை போனால் அந்த மண்டபத்தில் அவளுடைய இடமும் போகும். வேறு எங்கும் அவள் வேலை பார்த்ததில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்தக் கேட் அப்படித்தான் சிக்கிக்கொள்ளும் என்பது, அதை மாட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

கேட்டைப் போடச் சொன்னவர் மண்டப முதலாளி. இங்கே நான் 'அவர்' என்று எழுதுவது எழுத்துக்குக் கொடுக்கிற மரியாதை. நடந்த வழியெல்லாம் அவருக்கு என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன். ஜெனரேட்டர் டேங்கில் சர்க்கரையைக் கொட்டலாம். மாடியில் அவர் இருக்கிற ரூமின் ஏசிக்குப் போகிற குழாயில் கட்டிங் மெஷினை ஒருமுறை வைத்து எடுக்கலாம். அவர் பெயர் போட்ட முகப்பு வளைவில் நான் வைத்த பத்தவைப்பு எது, எந்த இடத்தில் தட்டினால் விடும் என்று எனக்குத் தெரியும். நினைக்க நினைக்க நடை வேகமாயிற்று. இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நான் படித்தது ஒன்பதாவது பாதிவரை. திருப்பூரில் வெல்டிங் கற்றுக்கொண்டேன், ஓசூரில் கை பழகியது. ஓர் இடத்தில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. ஓசூரில் ஒரு வீட்டுக்காரர் மொட்டை மாடி ரூமுக்குச் சுற்றுப்படி கேட்டார். எதற்கு இவ்வளவு குறுகலாக என்று கேட்டேன். கெட்ட வார்த்தையில் பதில் வந்தது. கேட்ட அகலத்துக்கு, ஒரு நூல் கூடக் குறைய இல்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கட்டிலும் ஏறவில்லை, பீரோவும் ஏறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நாலு நாள் சந்தோஷமாக இருந்தது. கேட்டதைக் கேட்டபடியே செய்து கொடுத்துவிட்டு வருவதைப் போல ஒருவனைப் பழிவாங்க வேறு வழி இல்லை. அவனால் வாய் திறக்க முடியாது. இந்த மண்டபத்திலும் அதைத்தான் செய்தேன். ஓசூரில் கேட்ட மாதிரி இதையும் எங்கோ தூரத்திலிருந்து கேட்டுச் சிரிப்பேன் என்று இருந்தேன்.

மண்டபத்தின் அமைப்பைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆட்கள் வந்துபோக ஒரே வாசல், சமையல்கட்டுப் பக்கம் பரிமாற ஒரு ஜன்னல். வாசலுக்கு வெளியே, பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கிற வரவேற்பு ஹால். அதைக் குறுக்கே கடந்து போனால் கை கழுவுகிற இடம். ஆறு குழாய், அதில் இரண்டில்தான் தண்ணீர் வரும். கூடத்தின் மறுகோடியில் ஒரு பின்கதவு உண்டு. அதன் பின்னால் சிமெண்டுத் தளம். கட்டிய புதிதில் கை கழுவுகிற தொட்டி அங்கேதான் இருந்ததாம். வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்க இடம் வேண்டுமென்று தொட்டியை இடித்துவிட்டுக் கதவைப் பூட்டியிருந்தார் முதலாளி. சாவி எந்நேரமும் அவர் இடுப்பில்.

கல்யாணச் சாப்பாட்டில் கூட்டம் எப்படி நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நிற்பான். நாற்காலியின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்வான். ரசத்திலேயே அவசரப்படுவான், மோர் வந்தால் பெருமூச்சு விடுவான். அந்த மண்டபத்தில் அது அளவு மீறிப் போய், ஒரு கட்சிக்காரர் இடம் கிடைக்காமல் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே காரில் ஏறிவிட்டார். மறுநாள் முதலாளி, முகப்பு வளைவு வேலைக்கு வந்திருந்த என்னை வரச் சொன்னார். வாசலைக் காட்டினார்.

"இங்க ஒரு கேட்டப் போடு. நூத்தம்பது பேரு உள்ள போனதும் சாத்திரணும். அம்புட்டுத்தேன்."

"சாப்ட்டவுக எப்பிடி மொதலாளி வெளிய வருவாக?"

"கேட்டத் தொறந்து வருவாக. பின்ன பறந்தா வருவாக?"

"இல்ல மொதலாளி, கூட்டம் எதனால அடைக்குதுன்னு ஒரு ரெண்டு பந்தி நின்னு பாத்துட்டு..."

"என்ன படிச்சிருக்க?"

"ஒம்பதாவது."

"பாஸா?"

"பாதில நிப்பாட்டிட்டேன்."

அவர் திரும்பிச் சமையல் மாஸ்டரையும் பூ அலங்காரக்காரர்களையும் பார்த்தார். "ஏப்பா, நம்ம மண்டபத்துக்கு எஞ்சினியரு வந்துருக்காருப்பா. உக்காரச் சேர் எடுத்துப் போடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் நிஜமாகவே நாற்காலியை எடுத்து வந்தான். முதலாளி என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "யோசிக்க ஆளு வேணும்னா யோசிக்கிறவனக் கூப்புடுவேன். நீ பத்தவைக்க வந்தவன். பத்தவையி."

அன்றிலிருந்து அந்த மண்டபத்தில் எனக்கு எஞ்சினியர் என்றே பெயர்.

ஆனாலும் பார்த்தேன். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஷெட்டில்தான் எனக்கு வேலை, அங்கேயே படுக்கை. இரும்பு வர இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் முகூர்த்தம். கூடத்து மூலையில் சுவரோடு நின்று பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. கூட்டம் கூட்டமாகத்தான் இருந்தது. இலை எடுக்கிற அக்கா என்னைக் கடந்து போகும்போது வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்ன எஞ்சினியரு, யாரு எத்தன அப்பளம் வாங்குறாகன்னு பாக்குறியாக்கும்?"

"கூட்டம் எங்கக்கா அடைக்குது?"

"அதுக்கு வாசப் பக்கம் பாத்தா? குழாயப் போயிப் பாரு."

போய்ப் பார்த்தேன். இரண்டு குழாய்க்கு முன்னால் முப்பது பேர். வலது கையை உடம்பில் படாமல் ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். திரும்பிக் கூடத்துக்கு வந்தேன். மோர்ச்சாதம் முடித்தவர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலையை இடது கையால் தடவிக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு.

"அங்க போயி நிக்கிறதுக்கு இங்கனயே ஃபேனுக்கடில இருந்துட்டுப் போவோம்னு இருக்காக," என்றாள் அக்கா. "அவுக எந்திரிச்சாத்தேன் நான் இலைய எடுக்க. நான் எடுத்தாத்தேன் அடுத்தவன் உக்கார. வாரவன என்னத்தக் குத்தம் சொல்ல? போறவனுக்கு வழி இல்ல. பின்பக்கம் தொட்டி இருந்தப்ப இந்தத் தொல்லையே கெடையாது."

"மொதலாளிட்டச் சொன்னீங்களா?"

"நானா? இலை எடுக்குறவ சொல்லி அவரு கேக்கவா? அவரு என்னைக்கு இந்தக் கூடத்துல உக்காந்து சாப்ட்ருக்காரு? மாடிக்குல்ல சாப்பாட்டுக் கேரியரு போகுது."

பின்கதவைத் திறந்து, நாற்காலிகளை ஷெட்டுக்கு மாற்றி, நாலு குழாய் போட்டால் தீர்ந்தது. ஒரு நாள் வேலை. கேட்டே வேண்டாம். அன்று சாப்பிட்டதும் மாடிக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். எனக்கு வேலை போனாலும் சரி என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படி நினைத்தேன்.

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் என்னைக் கையைப் பிடித்து மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தார். சுவரோரம், வரிசையின் கடைசி நாற்காலி. சாம்பார் ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் வைத்திருப்பேன். முதலாளி ஒரு விருந்தாளியோடு வந்து என் எதிரே நின்றார்.

"ஏய் எஞ்சினியரு, எந்திரி. சாரு நிக்கிறாருல்ல."

அந்த மனிதருக்கே கூச்சமாகிவிட்டது. "பரவாயில்லண்ணே, அவரு சாப்பிடட்டும்."

"அவன் வேலைக்கு வந்தவன் சார். எந்திரிடா."

இலையில் உட்கார்ந்தவனை எழுப்புவது எங்கள் பக்கம் செருப்பால் அடிப்பதற்குச் சமம். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். எழுந்தேன். இலையை மூடவும் தோன்றவில்லை. அக்கா வந்தாள், பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றாள், பிறகு எடுத்தாள். குழாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் நாற்பது பேர். சோறு கையிலேயே காய்ந்து, விரலை மடக்கினால் தோல் இழுத்தது. அந்த வரிசையில் நின்றபோதுதான் முடிவு செய்தேன். இந்த ஆளுக்கு இனி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவர் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிறது.

மறுநாள் அளவெடுத்தேன். கேட் எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று கேட்டேன். உள்பக்கம் என்றார். வெளிப்பக்கம் என்றால் பன்னீர் மேஜையில் இடிக்குமாம். உள்ளிருந்து நூறு பேர் நெருக்கிக்கொண்டு வந்தால் உள்பக்கம் திறக்கிற கேட்டை யாராலும் திறக்க முடியாது. ஒன்பதாவது படித்தவனுக்கு அது தெரியும்.

"சரிங்க மொதலாளி," என்றேன்.

அதைப்போல நல்ல வேலை நான் செய்ததில்லை. ஒவ்வொரு பத்தவைப்பையும் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். கீல் ஆணியை அரை நூல் பிசகாமல் ராவினேன். முதலாளி வந்து கம்பியைத் தட்டிப் பார்த்து, "பாத்தியா, வாயப் பொத்திட்டுச் செஞ்சா எம்புட்டு நல்லா வருது," என்றார். நான் சிரித்தேன்.

கேட் மாட்டிய பிறகு வந்த முதல் கல்யாணம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக் கல்யாணம். கிறிஸ்தவர்கள். எங்கள் ஆட்கள் கல்யாணம் என்றால் விடிந்ததிலிருந்து ஆட்கள் உதிரி உதிரியாக வருவார்கள், மொய் எழுதுவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். இவர்கள் கல்யாணம் சர்ச்சில். அது முடிந்ததும் மூன்று பஸ்ஸும் பத்துக் காரும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. முதலாளி தானே கேட்டடியில் நின்று எண்ணி உள்ளே விட்டார். நூற்றைம்பது ஆனதும் சாத்தித் தாழ்போட்டார். முதல் நாள் என்பதால் என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். உள்ளே போதகர் ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்ததும் நூற்றைம்பது பேரும் ஒன்றாகக் கை வைத்தார்கள். ஒன்றாகத் தொடங்கியவர்கள் ஒன்றாகவே முடித்தார்கள்.

முதல் வரிசை எழுந்து வாசலுக்கு வந்தது. பின்னாலேயே மற்ற வரிசைகளும். எல்லோருக்கும் ஏந்திய கை. யார் துணியிலும் படக்கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கிக் கேட்டோடு ஒட்டிவிட்டார்கள். முதலாளி தாழைத் திறந்து தள்ளினார். நகரவில்லை. வெளியே பசியோடு நின்றவர்கள், திறக்கிறார்கள் என்று நினைத்து முன்னால் வந்தார்கள். "பின்னால போங்க, பின்னால போங்க" என்று முதலாளி கத்தினார். யாரைச் சொல்கிறார் என்று இரண்டு பக்கமும் தெரியவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கழுத்து வேர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அப்போதுதான் அக்கா உள்ளே இலை வாளியோடு ஓரமாக ஒடுங்கி நிற்பதைப் பார்த்தேன். வாளியும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். நெருக்கத்தில் சாயாமல் இருக்கக் கீல் பக்கம் வாசல் நிலையைப் பிடித்திருந்தாள். வெளியிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து ஒரு தள்ளுத் தள்ளினார்கள். கேட் அரை அடி உள்ளே போய், உள்ளிருந்தவர்கள் திருப்பித் தள்ள, அதே வேகத்தில் திரும்பி வந்து சாத்தியது. அவள் விரல் கேட்டுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்தது. அவள் கத்தினாள். வாத்தியார் வீட்டுப் பெண்கள் கத்தினார்கள். நான் சுத்தியலை எடுத்து, கீல் ஆணியை அடியிலிருந்து தட்டி மேலே உருவினேன். நன்றாக ராவிய ஆணி, இரண்டே அடியில் வந்துவிட்டது. கேட்டைச் சாய்த்துக் கையை எடுத்தோம்.

முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னது, "என்னடா கேட்டுப் போட்டுருக்க?"

பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே வந்ததில் கீழக்குயில்குடி விலக்கு வந்துவிட்டது. அக்காவின் வீடு அந்த ஊரில். திரும்பினால் ஊர், நேரே போனால் ஸ்டேஷன். விலக்கில் ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். குடிக்கும்போது வலது கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. ஸ்டேஷன் பக்கம் பத்து எட்டு வைத்தேன். பிறகு ஊருக்குள் திரும்பிவிட்டேன்.

ஆட்டோ வந்தபோது வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அக்காவின் நாத்தனார் முதலில் இறங்கினாள். அக்கா இறங்கி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். கை முழங்கைவரை மாவுக்கட்டு.

"என்ன, ரயிலு கெடைக்கலையா?"

"வெரலு..."

"இருக்கு. ரெண்டு முறிஞ்சுருக்கு. ஒன்னர மாசம் இந்தக் கட்டத் தூக்கிட்டுத் திரியணுமாம்."

எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சிலேயே சொல்லிவிட்டேன்.

"உள்பக்கமாத் தொறக்கிற கேட்ட நெரிசல்ல தொறக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சுதேன் போட்டேன். அந்தாளு அசிங்கப்படணும்னு போட்டேன்."

நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா படியில் உட்கார்ந்து கட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அசிங்கப்பட்டாரா?"

நான் அவள் மடியில் இருந்த கட்டைப் பார்த்தேன்.

"கேக்குறேன்ல. பட்டாரா? அவரு ஏசியப் போட்டு மாடில படுத்துருக்காரு. என் கை இந்தா கெடக்கு. கோவம்னா அவரு மூஞ்சில காட்டியிருக்கணும். எனக்கு இந்தக் கையத் தவிர என்ன இருக்குன்னு என் வெரலுல காட்டுன?"

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இலையை எண்ணுகிற குரலில் சொன்னாள். பிறகு என்னிடம் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்: "ஆஸ்பத்திரில இருக்கயிலயே போன் வந்துருச்சு. நாளைக்கும் முகூர்த்தமாம். காலம்பற இலைக்கு ஆளு வரலைன்னா வேற ஆளு போட்டுக்குவாராம். அப்புறம் கட்டப் பிரிச்சுட்டு வந்து நிக்கக் கூடாதாம். மண்டபம் தொறந்த அன்னைலருந்து நாந்தேன் எடுக்கேன்."

"நான் போறேன்."

"போ. ரயிலு காத்துட்டு இருக்கும்."

"இலை எடுக்கப் போறேன். ஒங்க பேர்ல. கட்டுப் பிரிக்கிற வரைக்கும்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆம்பள எச்சி இலை எடுக்கவா? பந்தியே எந்திரிச்சு நின்னு வேடிக்க பாக்குமே."

"பாக்கட்டும்."

அக்கா சிரிக்கவில்லை. "மொதல்ல டம்ளர எடு. அப்புறம் அடில விரிச்ச பேப்பரோட சேத்து இலையச் சுருட்டு. தனித்தனியா எடுத்தா ரசம் ஒழுகி அடுத்தவன் மடில விழும்," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

குளத்தங்கரைக் கோயில் வாசலில் படுத்து, விடியுமுன் எழுந்து மண்டபத்துக்கு நடந்தேன். ஆறு மணிக்கு முதலாளி வாசலில் நின்றிருந்தார். கழற்றிய கேட் சுவரில் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். அவசரத்தில் இருந்தார்.

"வந்துட்டியா. அந்த ஆணி எங்க? கேட்டத் திருப்பி மாட்டு, வெளிப்பக்கமாத் தொறக்கிற மாதிரி. பன்னீர் மேசைய நகட்டிக்குவோம். ஏழு மணிக்குப் பந்தி."

"வெளிப்பக்கமாத் தொறந்தா என்ன சரியாகும் மொதலாளி?"

"திரும்ப ஆரம்பிக்கிறியா? சொன்னதச் செய்யி."

ஆணி என் பையில் இருந்தது. அது இல்லாமல் வேறு யாரும் அந்தக் கேட்டை மாட்ட முடியாது. "மாட்டுறேன்," என்றேன். "காலைச் சாப்பாடு முடியட்டும். இலைக்கு ஆளு வந்துருச்சா?"

"அந்தம்மாதேன் கையக் கட்டிட்டு ஒக்காந்துருச்சே. வேற ஆளுக்குச் சொல்லியிருக்கேன்."

"வேணாம். நான் எடுக்குறேன். அக்கா கை சரியாகுற வரைக்கும் அவுக எடத்துல நான். வேற ஆளு போடக் கூடாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. சமையல்கட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "ஏய் மாஸ்டரு! எஞ்சினியரு இலை எடுக்கப் போறாராம்ப்பா! வந்து பாருங்க!" அந்தச் சந்தோஷத்துக்காகவே சம்மதித்தார். "எடு, எடு. ஒனக்கு ஏத்த வேலதேன்," என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டேன்.

கல்யாண வீட்டார் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியில் வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"ஐயா, மண்டப மொதலாளி இன்னும் சாப்பிடல."

அது போதும். என் வீட்டுக் கல்யாணத்தில் நீ சாப்பிடாமல் இருப்பதா என்று கிளம்பினால் எங்கள் ஊர்க்காரரிடமிருந்து யாரும் தப்ப முடியாது. "மாடிக்கு வரும், மாடிக்கு வரும்" என்று முதலாளி சொல்லச் சொல்ல, பெண்ணின் அப்பா ஒரு கையையும் அவர் தம்பி மறு கையையும் பிடித்து உள்ளே இழுத்துவந்தார்கள். எங்கே உட்கார வைக்கலாம் என்று பார்த்தார்கள். சுவரோரம், வரிசையின் கடைசியில் இருந்த நாற்காலியை நான் துடைத்து வைத்திருந்தேன். "இங்கன காத்து நல்லா வரும்யா," என்றேன்.

இட்லி வந்தது, பொங்கல் வந்தது. பெண்ணின் அப்பா எதிரே நின்று பார்த்துப் பார்த்துப் பரிமாறச் சொன்னார். முதலாளி வேண்டா வெறுப்பாக ஆரம்பித்து, பிறகு நன்றாகவே சாப்பிட்டார். பொங்கலில் நெய் அதிகம். வாசல் பக்கம் இருந்தவர்கள் முதலில் முடித்துக் கை கழுவப் போனார்கள். குழாயடி நிறைந்தது. அதற்குப் பிறகு முடித்தவர்கள் வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டார்கள். உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். கேட் இல்லை. கூட்டம் எப்போதும் போல அடைத்தது.

முதலாளி இலையை மூடிவிட்டு வாசலைப் பார்த்தார். எழவில்லை. எல்லோரையும் போல உட்கார்ந்துகொண்டார். அவர் நாற்காலியின் மேல் யாரோ ஒரு பெரியவர் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் வாளியோடு முதலாளி எதிரே போய் நின்றேன். டம்ளரை எடுத்தேன். பேப்பரோடு சேர்த்து இலையைச் சுருட்டினேன்.

"எந்திரிங்க மொதலாளி," என்றேன். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "பின்னால ஆளு நிக்கிறாகல்ல."

அவர் முகம் கறுத்தது. இலை எடுக்கிறவன் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது, குற்றம் சொல்ல முடியாது. எழுந்தார். பெரியவர் உடனே உட்கார்ந்தார். முதலாளி நெய்க் கையை ஏந்திக்கொண்டு நாலு எட்டு வைத்தார். முன்னால் பட்டுச் சேலைகள், பின்னால் வெள்ளை வேட்டிகள். எதிலும் படாமல் நிற்கக் கையைத் தலைக்குமேல் தூக்க வேண்டியிருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது, எடுக்க முடியவில்லை. அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தது. நான் அவசரப்படவில்லை. அந்த வரிசையில் மீதி இருந்த இலைகளை எல்லாம் எடுத்து முடித்தேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில்தான் நின்றார். பொங்கல் விரலில் காய்ந்து வெளுத்திருந்தது.

"தினம் இப்பிடியா?" என்றார். என்னிடம்தான் கேட்டார்.

"தினம் இப்பிடித்தேன்."

பின்கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யோசித்தார். நான் வாளியைக் கீழே வைக்காமல் நின்றேன். அவராகச் சொல்லட்டும் என்று நின்றேன்.

"சாவி இடுப்புல இருக்கு," என்றார் கடைசியில். "எடுத்துக்க."

எச்சில் பட்ட கையாலேயே அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, திறந்தது. நாற்காலி அடுக்குகளை இரண்டு பக்கமும் தள்ளி வழி விட்டேன். சமையல்கட்டிலிருந்து ஒரு டிரம்மில் தண்ணீரும் ஒரு செம்பும் கொண்டுவந்து சிமெண்டுத் தளத்தில் வைத்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் வரிசை வரிசையாக எழுந்து அந்தப் பக்கம் வந்தார்கள். மொண்டு மொண்டு ஊற்றினேன். கூடத்துக்குள் நாற்காலிகள் காலியாகிற சத்தம் கேட்டது.

முதலாளியின் முறை வந்தது. குனிந்து கையை நீட்டினார்.

செம்பை டிரம் பக்கத்தில் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு, அக்காவின் இலைகளை எடுக்க உள்ளே போனேன்.